வீட்டு வாசலைத் தாண்டியதும்: ஓ-பேரும் குழந்தைப் பாதுகாப்பும்

ஓ-பேர் என்பவர் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். அமெரிக்காவில் ஓ-பேர் வைத்துக்கொள்ள முடிவு செய்யும் குடும்பங்கள் முதலில் வீட்டைத்தான் சரிபார்க்கின்றன. பிளக் பாயின்ட்டுக்கு மூடி, மாடிப்படிக்குக் கேட், மருந்து அலமாரிக்குப் பூட்டு. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஓ-பேர் வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் அவரும் குழந்தையும் பாதிப் பொழுதை வெளியில் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நூலகம், பூங்கா, நீச்சல் வகுப்பு, தோழன் வீட்டுக்கு விளையாடப் போகும் பிளேடேட், யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள். இந்த இடங்களைப் பற்றி ஹோஸ்ட் பெற்றோர், அதாவது ஓ-பேரைத் தங்கவைக்கும் வீட்டுப் பெற்றோர், எழுதித் தரும் குறிப்பேட்டில் பெரும்பாலும் முகவரியைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

இன்னொரு வகைப் பெற்றோரும் உண்டு. "கார் எடுக்க வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு இதுதான் கூடுதல் ஆபத்து என்பது என் கட்சி. பழக்கமில்லாத நாட்டில், ஒரு பெரியவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், பேச்சு வராத குழந்தையோடு நாள் முழுக்க அடைந்து கிடக்கும் இருபது வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அலுப்பும் தனிமையும் சேர்ந்தால் முதலில் கழன்றுகொள்வது கவனம்தான். போதாததற்கு, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரை அழைப்பது என்றும் அவருக்குத் தெரியாது. ஊரோடு பழகிய ஓ-பேருக்கு அது தெரியும். ஆகவே நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போவது அவருக்குப் பொழுதுபோக்கு, குழந்தைக்கு விளையாட்டு என்பதோடு முடிந்துவிடுவதில்லை. பாதுகாப்பு ஏற்பாட்டில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஓ-பேர் திட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1986-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்திட்டம் இப்போது வெளியுறவுத் துறையின் மேற்பார்வையில், ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவின் கீழ் நடக்கிறது. 18 முதல் 26 வயது வரையிலானவர்கள் வரலாம். நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒன்றரை நாளும் மாதத்தில் ஒரு முழு வார இறுதியும் ஓய்வு. கூட்டாட்சி விதிப்படி வாரத்துக்குக் குறைந்தபட்சம் 195.75 டாலர் தர வேண்டும். 7.25 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தை 45-ஆல் பெருக்கி, அறைக்கும் சாப்பாட்டுக்குமாக 40 சதவீதம் கழித்தால் கிடைக்கும் தொகை இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கதை வேறு. ஓ-பேர்களுக்கும் மாநில ஊதியச் சட்டம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தின் கண்ணில் இது பண்பாட்டுப் பரிமாற்றம். வீட்டில் நடப்பதோ குழந்தை பார்க்கும் வேலை. இந்த இரட்டை முகத்தால் பல குழப்பங்கள் வருகின்றன. பாதுகாப்பு விஷயத்தில் வரும் குழப்பம், ஓ-பேர் எப்போது குடும்பத்தில் ஒருவர், எப்போது பொறுப்பில் இருப்பவர் என்பதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை விதி தெளிவாக இருக்கிறது. குடும்பத்திடம் போய்ச் சேருவதற்கு முன் 32 மணி நேரம்: குழந்தைப் பாதுகாப்புக்கு 8, குழந்தை வளர்ச்சிக்கு 24. அந்த எட்டில் குறைந்தது நான்கு மணி நேரம் கைக்குழந்தைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறவர், அந்த வயதுக் குழந்தைகளை 200 மணி நேரமாவது பார்த்துக்கொண்டதற்குச் சான்று காட்ட வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தை என்றால் பெற்றோரோ பொறுப்புள்ள வேறு பெரியவரோ வீட்டில் இருந்தே ஆக வேண்டும். 1997-இல் மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் எட்டு மாதக் குழந்தை இறந்து, பிரிட்டனிலிருந்து வந்த ஓ-பேர் மீது கொலை வழக்கு நடந்தது. கொலைதான் என்றது ஜூரி. சில நாட்களிலேயே நீதிபதி அதைக் குறைந்த குற்றமாக மாற்றினார். அனுபவமில்லாத கையில் கைக்குழந்தையை விடலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் அந்த வழக்கு நினைவுகூரப்படுகிறது.

சரி, 32 மணி நேரப் பயிற்சி முடித்தவருக்கு எது தெரியாது? இந்தத் தெருவில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் பூங்காவுக்கும் சாலைக்கும் நடுவே வேலி இல்லை, இந்தக் குழந்தை கையை உதறிவிட்டு எப்போது ஓடும் என்பதெல்லாம் தெரியாது. இதற்காகவே விதியில் ஒரு வரி இருக்கிறது. பல குடும்பங்கள் அதை ஒரு சம்பிரதாயமாகவே கடந்துவிடுகின்றன. ஓ-பேர் வந்த முதல் மூன்று நாட்கள் பெற்றோரில் ஒருவரோ பொறுப்புள்ள இன்னொருவரோ வீட்டில் இருக்க வேண்டும். குடும்பம், வீடு, சுற்றியுள்ள சமூகம் மூன்றோடும் அவர் பழகுவதற்கு உதவ வேண்டும். சமூகம் என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தை எப்படிப் போடுவது என்று காட்டுவதற்கு மட்டும் அந்த மூன்று நாட்களைச் செலவழித்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

அந்த நாட்களில் முதலில் போக வேண்டிய இடம், என்னைக் கேட்டால், நூலகம். அமெரிக்கப் பொது நூலகங்களில் சின்னக் குழந்தைகளுக்கான கதை நேரம் இலவசம். வாராவாரம் அதே முகங்கள் வரும். பெற்றோர் கூடவே போய் ஓ-பேரை நூலகருக்கும் வழக்கமாக வரும் இரண்டு மூன்று தாய்மாருக்கும் அறிமுகப்படுத்தி வைத்தால், அடுத்த வாரம் அவர் தனியாகப் போகும்போது அந்த அறையில் அவரையும் குழந்தையையும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வழக்கமாக வருகிறவர் இரண்டு வாரமாகக் காணவில்லை என்றால் யாராவது விசாரிப்பார்கள். ஓ-பேர் முகம் வாடியிருந்தால் அதையும் கவனிப்பார்கள். கேமரா வைத்துப் பிடிக்க முடியாத விஷயம் இது.

அப்புறம் கார். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு அமெரிக்கச் சாலை புதிது. வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டிலிருந்து வந்தவருக்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்து விதி புதிது. பேருந்து நின்று சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் நிறுத்தப் பலகை நீண்டுவிட்டால், பின்னால் வரும் வண்டிகளும் எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும். நடுவே தடுப்பு இருக்கும் சாலைகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதிவிலக்கு உண்டு. இதைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளி விடும் நேரத்தில், நிஜச் சாலையில் காட்டிக் கொடுக்க வேண்டும்.

கார் சீட்டில் குழந்தையைப் போட்டு மாட்டுவதையும் ஓ-பேரே நாலைந்து முறை செய்து பார்க்கட்டும். பெற்றோர் செய்ய அவர் வேடிக்கை பார்ப்பதால் பயனில்லை. மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான தவறு வயிற்றுக்குக் கீழிறங்குவதுதான். தோள் பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு எதுவும் சிக்கக் கூடாது. குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். உப்பிய பனிக்கோட்டோடு குழந்தையை மாட்டினால் பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதல் நேர்ந்தால் கோட்டின் பஞ்சு அமுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிடும். கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டி, அதே கோட்டை முன்பக்கமாகப் போர்வைபோல் போட்டுவிடலாம். பனியே பார்க்காத ஊரிலிருந்து வந்தவருக்கு இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

வெயில் காலத்தில் பயம் வேறு. நிறுத்தி வைத்த காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். காரில் மறந்து விடப்பட்டு இறக்கும் குழந்தைகள் விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் காரணம், வழக்கம் மாறிய நாள். ஓ-பேருக்கு விடுமுறை, அன்றைக்கு மட்டும் அப்பா கொண்டுபோய் விட வேண்டும் என்பது போன்ற நாட்கள். குழந்தை வந்து சேரவில்லை என்றால் உடனே போன் செய்யும்படி பகல்நேரக் காப்பகத்திடம் சொல்லி வைப்பதும், அந்த அழைப்புப் பட்டியலில் ஓ-பேரின் எண்ணைச் சேர்ப்பதும் அப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான்.

இப்போது, ஓ-பேர் எப்போது பொறுப்பில் இருப்பவர் என்ற அந்தக் குழப்பத்துக்கு வருவோம். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் வீட்டு நீச்சல்குளத்தோரம் கூட்டம். ஹோஸ்ட் பெற்றோர், தாத்தா பாட்டி, ஏழெட்டுப் பெரியவர்கள், கூடவே ஓ-பேர். அவருக்கு அன்று விடுமுறை; விருந்தாளியாகத்தான் வந்திருக்கிறார். அம்மா உள்ளே போய் சாலட் எடுத்து வருகிறார். ஓ-பேர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார். ஓ-பேரோ அப்பா அங்கேதானே நிற்கிறார் என்று நினைக்கிறார். அப்பா அடுப்பில் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். தண்ணீரில் மூழ்கும் குழந்தை, பலர் நினைப்பதுபோல், கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்குத் திணறும்போது கத்த முடியாது. சத்தமே இல்லாமல், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து சில அடி தூரத்திலேயே அது முடிந்துவிடும். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது.

இதற்கான வழக்கம் எளிது: ஒரு நேரத்தில் தண்ணீரைப் பார்க்க ஒரே ஒருவர். அவர் கையில் போன் இருக்காது, மது இருக்காது, பேச்சும் இருக்காது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு, மாறும்போது அடுத்தவர் கழுத்தில் அதை மாட்டிவிடும் குடும்பங்கள் உண்டு. கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியலாம், பரவாயில்லை. ஓ-பேர் இருக்கும் வீட்டில் இந்தக் கைமாற்றம் இன்னும் முக்கியம். "இப்போது நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு, "சரி, நான் பார்க்கிறேன்" என்ற பதில் வந்தபிறகுதான் நகர வேண்டும். கண்ஜாடை போதாது. அவருக்கு ஓய்வு நாள் என்றால் அந்தக் கேள்வியே எழக் கூடாது, பொறுப்பு பெற்றோருடையது. வேறொரு விஷயம், நீச்சல் தெரியாத ஓ-பேர்களும் வருகிறார்கள். நேர்காணலின்போது கேட்டால் கொஞ்சம் தெரியும் என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை ஆழமில்லாத பக்கத்தில் கூடவே இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது. கைகளில் மாட்டும் காற்றுப் பைகளை உயிர்காக்கும் மிதவை என்று நம்ப வேண்டாம். குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது நான்கடி உயர வேலி இல்லாத வீட்டில், குளத்தில் யாரும் இறங்காத நேரம்தான் அதிக ஆபத்து.

பிளேடேட் விஷயத்தில் பெற்றோர் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அதை ஓ-பேர் தலையில் கட்டக் கூடாது. குழந்தை போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கும் வேலை. 2020 முதல் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பதின்வயதினரின் இறப்புக் காரணங்களில் துப்பாக்கிதான் முதலிடத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பெற்றோரைப் பழக்குவதற்காக 2000-இலிருந்தே 'ஆஸ்க்' என்ற பெயரில் ஒரு பிரசாரம் நடக்கிறது. இருந்தும் பலருக்கு நாக்கு எழுவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கே கூச்சமாக இருக்கும் கேள்வியை, வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று மாதமான ஒரு பெண், தன்னைவிட இருபது வயது மூத்த வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பார்? முதல் பிளேடேட்டுக்கு முன் பெற்றோரே குறுஞ்செய்தியில் கேட்டுவிடலாம். ஒவ்வாமை, நாய், நீச்சல்குளம், டிராம்போலின் என்று மற்றவற்றையும் சேர்த்துக் கேட்டால் கூச்சம் பாதியாகக் குறையும். பதிலை ஓ-பேருக்கும் அனுப்பிவிட வேண்டும். திருப்தியான பதில் வராவிட்டால் அந்தக் குழந்தையை நம் வீட்டுக்கு வரச் சொல்லலாம், அல்லது இருவரும் பூங்காவில் சந்திக்கலாம்.

பிறந்தநாள் விழாக்களில் உணவுதான் தலைவலி. முழுத் திராட்சை, பாப்கார்ன், முழுக் கொட்டைகள், வட்டமாக நறுக்கிய ஹாட் டாக் எல்லாம் நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூச்சுக் குழாயை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் உருண்டை உருண்டையாகவே இருக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் எபிநெஃப்ரின் ஊசி வீட்டு அலமாரியில் இருப்பதால் யாருக்கும் லாபமில்லை, ஓ-பேரின் பையில் இருக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்தில், உடையின் மேலேயே குத்தலாம், குத்தியதும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். பயிற்சி ஊசியை வைத்து வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தால்தான் அந்த நேரத்தில் கை நடுங்காது. குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் மாலையில் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைத்திருப்பார்கள். அங்கே மிட்டாய்க்குப் பதிலாக உணவல்லாத சிறு பொருள் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். விழாவில் கைக்குக் கை மாறும், திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளையும் கவனிக்க வேண்டும். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், ஆகவே காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மற்ற நச்சுச் சந்தேகங்களுக்கு 1-800-222-1222 என்ற எண்ணில் நாடெங்கும் இரவு பகலாக ஆலோசனை கிடைக்கும்.

பூங்காவில் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் ஒரு தவறு உண்டு. குழந்தை பயப்படுகிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது. குழந்தையின் ஷூ பக்கச் சுவரில் சிக்கும். பெரியவரின் எடையோடு உடம்பு கீழே போய்க்கொண்டே இருக்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறியும். தனியாகச் சறுக்க முடியாத குழந்தை இன்னும் அந்தச் சறுக்குமரத்துக்குத் தயாராகவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் ஹெல்மெட்டோடு ஏறு கம்பிகளில் விளையாட விடுவதும் வேண்டாம், கம்பிகளின் இடுக்கில் தலைக்கவசம் சிக்கிக்கொண்டு கழுத்து நெரிபடும்.

ஓ-பேர்கள் சேர்ந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வட்டாரத்து ஓ-பேர்களுக்காக மாதம் ஒருமுறை நடக்கும் கிளஸ்டர் கூட்டங்களில் பழகியவர்கள் பிறகு தாங்களாகவே பூங்காவில் கூடுவார்கள். சொந்த மொழி பேசக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த மொழிதான் கவனத்தையும் இழுக்கும். ஐந்து பேர் பேசிக்கொண்டிருக்க, ஒன்பது குழந்தைகள் ஓடும்போது, நீச்சல்குளத்துக் கதை இங்கேயும் நடக்கும். எந்தக் குழந்தை யார் பொறுப்பு என்பதை வந்தவுடனே முடிவு செய்து, இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணச் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொள்ளட்டும். குழந்தையின் முகமும் பள்ளிப் பெயரும் தெரியும் படத்தைப் பொதுவில் போடலாமா என்பதைப் பெற்றோர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற குழந்தைகளின் படத்துக்கு அவர்கள் வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

காகித வேலை இரண்டு. பள்ளியில் குழந்தையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் ஓ-பேர் பெயர் இருக்க வேண்டும். பெற்றோர் ஊரில் இல்லாதபோது சிகிச்சைக்கு அவர் சம்மதம் தரலாம் என்று கையெழுத்திட்ட கடிதமும் காப்பீட்டு அட்டையின் நகலும் அவர் பையில் இருக்க வேண்டும். உயிர் போகும் அவசரத்தில் மருத்துவமனை யாருக்கும் காத்திருக்காது. நெற்றியில் நாலு தையல் போட வேண்டிய சாதாரண விபத்தில்தான் கடிதம் இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டி வரும்.

இவ்வளவு இருந்தும் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது பயம். ஓ-பேரின் விசா, படுக்கை, சம்பளம் மூன்றும் ஒரே குடும்பத்திடம் இருக்கின்றன. ஒத்துவரவில்லை என்றால் 'ரீமேட்ச்', அதாவது வேறு குடும்பம் தேடுவது. குறுகிய காலத்துக்குள் வேறு குடும்பம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். இந்த நிலையில் உள்ளவர், குழந்தை ஊஞ்சலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதை மாலையில் சொல்வாரா? அழுகை நின்றுவிட்டது, வீக்கம் தெரியவில்லை, சொன்னால் என்ன ஆகுமோ என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். இரவில் குழந்தை வாந்தி எடுக்கும்போது அது தலையில் பட்ட அடியாலா, வயிற்றுக் கோளாறாலா என்று பெற்றோருக்குத் தெரியாது; மருத்துவருக்கும் சொல்லத் தெரியாது. சொன்னதற்காக ஒருபோதும் தண்டனை இல்லை என்பதை முதல் சிறு விபத்தில் நடந்துகொள்ளும் விதத்தில்தான் காட்ட முடியும். பூங்காவில் முழங்கால் சிராய்த்த அன்று முகம் சுளித்த வீட்டில், தலையடி பற்றிய செய்தி வராது.

வீட்டுக்கு வெளியே ஓ-பேருக்கு ஒரு காது வேண்டும் என்பதால்தான் விதி உள்ளூர் ஒருங்கிணைப்பாளரை வைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளரின் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத் தூரத்துக்குள் இருக்கும் குடும்பத்தில்தான் ஓ-பேரை அமர்த்தலாம். ஓ-பேர் வந்த 48 மணி நேரத்துக்குள் பேச வேண்டும், இரண்டு வாரத்துக்குள் நேரில் பார்க்க வேண்டும், பிறகு மாதாமாதம் தொடர்பில் இருக்க வேண்டும். ஹோஸ்ட் குடும்பமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குடும்ப நாள் கூட்டத்துக்குப் போக வேண்டும். சில பெற்றோர் ஒருங்கிணைப்பாளரை ஏதோ ஆய்வாளர்போல் பார்க்கிறார்கள், கிளஸ்டர் கூட்ட நாளன்று ஓ-பேருக்கு வேலை நேரம் போடுகிறார்கள். குழந்தையின் நலனில் அக்கறை உள்ள யாரும் செய்யக் கூடாத காரியம். மாதாந்தரப் பேச்சில் ஓ-பேர் தனியாகப் பேச இடம் விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். ஒருங்கிணைப்பாளரோ ஓ-பேரை அமர்த்திய நிறுவனமோ காது கொடுக்கவில்லை என்றால், ஜே-1 விசாவில் உள்ள யாரும் வெளியுறவுத் துறையின் அவசர உதவி எண்ணான 1-866-283-9090-ஐ நேரடியாக அழைக்கலாம். அந்த எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், 911-க்கும் நச்சு ஆலோசனை எண்ணுக்கும் கீழே, பெற்றோரே எழுதி ஒட்டலாம்.